ஆத்தங்கரைல பைக் மட்டும் நிக்கா? காணாமப் போன பிள்ளையைத் தேட இறங்குறவங்களுக்கு

"பிள்ளை காலேஜ் விட்டு வரல, போன் சுவிட்ச் ஆஃப்னு வருது, பைக் மட்டும் ஆத்தங்கரைல நிக்குன்னு யாரோ சொல்லுதாங்க." இப்படி ஒரு போன் ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு வந்துச்சுன்னா யாருக்கும் கை கால் ஓடாது. வீட்டுல ஒப்பாரி கெளம்பிரும், தெருவே டார்ச் லைட்டோட ஆத்துக்கு ஓடும். எங்க வீடு திருநெல்வேலில தாமிரபரணி ஆத்தை ஒட்டி இருக்கு, அதனால இத்தனை வருஷத்துல அஞ்சாறு தடவை நானும் இப்படி ஓடியிருக்கேன், சிலது நல்லபடியா முடிஞ்சுச்சு, சிலது முடியல. இதுக்கு முன்னாடி இப்படி ஒரு நிலைமையைப் பாத்தே இல்லாத அப்பா அம்மா, மாமா சித்தப்பா, ஹாஸ்டல் கூட்டாளிங்க, இவங்க என்ன வரிசைல என்ன செய்யணும்னு எனக்குத் தெரிஞ்சதை எழுதுதேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிருதேன். எங்க சித்தப்பா மகன் ரெண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு நாள் காணல. குறுக்குத்துறை பக்கம் படித்துறை மேல பைக் நின்னுச்சு, பக்கத்துலயே செருப்பு கெடந்துச்சு. அவ்வளவுதான், ஊரே முடிவு பண்ணிருச்சு. ஃபயர் சர்வீஸ் வந்து ரப்பர் போட் விட்டாங்க, முங்கத் தெரிஞ்ச பையனுங்க எல்லாம் இறங்கினாங்க, ரெண்டு நாள் ராவும் பகலும் நாங்க அத்தனை பேரும் தண்ணியையே பாத்துட்டு நின்னோம். மூணாம் நாள் காலைல திருச்செந்தூர்ல ஒரு டீக்கடை அண்ணாச்சி போன்ல இருந்து அவனே பேசினான். அரியர் விழுந்ததை வீட்டுல சொல்லப் பயந்து, பைக்கை அங்கன போட்டுட்டு பஸ் ஏறிப் போயி கடற்கரைல கெடந்திருக்கான். புது பஸ் ஸ்டாண்ட் கேமராவை முதல் நாள் ராத்திரியே யாராவது ஒருத்தர் போயிப் பாத்திருந்தா எங்க சித்திக்கு அந்த ரெண்டு நாள் நரகம் இருந்திருக்காது. ஆறு எல்லார் கண்ணையும் இழுத்துரும். பைக் நிக்குங்கறதுக்கு பைக் நிக்குன்னு மட்டும்தான் அர்த்தம். தண்ணில தேடுற நேரத்துலயே தரையிலயும் தேடணும், ரெண்டும் ஒண்ணா நடக்கணும், ஒண்ணு முடிஞ்ச பொறவு இன்னொண்ணுன்னு வைக்கவே கூடாது.

ஒரு நோட்டு, ஒரு ஆளு

உங்க கூட்டத்துலயே கொஞ்சம் நிதானமா இருக்கற ஒருத்தரைப் புடிங்க, அப்பா அம்மா வேண்டாம், அத்தானோ மாமாவோ, இல்ல கூடப்படிக்கிற பையனோ பொண்ணோ. அவங்க கைல ஒரு நாப்பது பக்க நோட்டு குடுத்துருங்க. இனிமே வர்ற எந்தத் தகவலும் அந்த நோட்டுல ஏறணும், எத்தனை மணிக்கு வந்துச்சு, யாரு சொன்னாங்க, சொன்னவங்களே கண்ணால பாத்தாங்களா இல்ல கேள்விப்பட்டதா, அவங்க நம்பர் என்ன. இது பெரிய விஷயமாத் தெரியாது ஆனா ரெண்டு மணி நேரத்துலயே "வண்ணாரப்பேட்டைல பாத்தாங்களாம்" "இல்ல சேரன்மகாதேவில பாத்தாங்களாம்"னு பத்து கதை வந்துரும், எதுக்குப் பின்னாடி ஓடுறதுன்னு தெரியாமப் போயிரும். "பாத்தாங்களாம்"னு வந்தா உடனே "யாரு பாத்தா, அவரு போன் நம்பர் குடுங்க"ன்னு கேளுங்க. பாதிக் கதை அங்கனயே நின்னுரும்.

நோட்டுல முதல் பக்கத்துல எழுத வேண்டியது கடைசியா உறுதியாப் பாத்த நேரமும் இடமும். போட்டிருந்த சட்டை என்ன கலர், பேன்ட்டா சாரமா (லுங்கி), கண்ணாடி உண்டா, கழுத்துல கைல கயிறு, தழும்பு, மச்சம், உயரம், எடை, கைல எவ்வளவு ரூபா இருந்திருக்கும், மாத்திரை ஏதும் டெய்லி போடுற ஆளா. நீச்சல் தெரியுமான்னும் எழுதுங்க. நல்ல நீச்சல் தெரிஞ்ச பிள்ளைகளும் மாட்டியிருக்கு, அதனால "அவனுக்கு நீச்சல் தெரியும்"னு சொல்லி யாரும் நிம்மதி ஆகிறாதீங்க.

பொறவு ரூமைப் பாருங்க, ஆனா கலைக்காதீங்க. பை இருக்கா, சார்ஜர் இருக்கா, ஒரு செட் துணி குறையுதா, ஏடிஎம் கார்டு, ஆதார், சர்டிபிகேட் ஃபைல் இருக்கா. சார்ஜரும் துணியும் சேந்து காணலன்னா அது ஒரு சேதி. நோட்டுலயோ பேப்பர்லயோ ஏதாவது எழுதி வச்சிருந்தா கையால எடுத்து ஆளாளுக்குக் குடுக்காம, கெடந்த இடத்துலயே போட்டோ எடுத்துட்டு போலீஸ் வர்ற வரைக்கும் ஒரு கவர்ல பத்திரமா வைங்க. லேப்டாப்ல அவனோட ஜிமெயில் திறந்தே இருந்துச்சுன்னா, தொலைஞ்ச போனைத் தேடுறதுக்கு கூகுள் வச்சிருக்கற வசதில கடைசியா போன் எங்க இருந்துச்சுன்னு காட்ட வாய்ப்பு இருக்கு. அதைப் பாத்து உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, நேரத்தோட. அதுலயே போனைப் பூட்டுறது, எல்லாத்தையும் அழிக்கிறதுன்னு பட்டன் இருக்கும், அதுல மட்டும் கை வச்சிராதீங்க. நிறைய பிள்ளைகளோட பேங்க் மெசேஜ் அப்பா நம்பருக்குத்தான் வரும், அதனால அப்பா போன்ல இன்னைக்கு ஜிபேல யாருக்காவது அம்பது நூறு போயிருக்கா, ஏடிஎம்ல பணம் எடுத்திருக்கான்னு பாருங்க. மத்தியானம் மூணு மணிக்கு ஒரு டீக்கடைக்குப் பதினஞ்சு ரூபா போயிருந்தா அது நமக்குப் பொன்னு.

போலீஸுக்கு எப்ப போகணும்

இப்பவே. 24 மணி நேரம் ஆகணும்னு ஒரு பேச்சு ஊர்ல காலங்காலமா இருக்கு, அப்படி ஒரு சட்டமே கிடையாது. எங்களுக்கே ஒரு தடவை ஒரு ஸ்டேஷன்ல "வயசுப் பையன் தானே, காலைல வந்துருவான், நாளைக்கு வாங்க"ன்னு திருப்பி அனுப்பினாங்க, நாங்களும் தெரியாம திரும்பி வந்துட்டோம். அந்த ஒரு ராத்திரி இன்னைக்கும் எனக்கு உறுத்திட்டே இருக்கு. 112க்கு போன் போட்டீங்கன்னா அந்த அழைப்பு பதிவாகும், அதனால நேர்ல போறதுக்கு முன்னாடியே அதைப் பண்ணிருங்க.

இது எங்க லிமிட் இல்லன்னு சொன்னா, எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம்னு 2024 ஜூலை 1ல இருந்து அமலுக்கு வந்த புதுச் சட்டத்துல (பிஎன்எஸ்எஸ் 173) தெளிவாவே இருக்கு, இதைச் சண்டை போடாம பைய எடுத்துச் சொல்லுங்க. நம்ம ஊர்ல இது ரொம்ப முக்கியம் ஏன்னா டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை எல்லாம் மாநகர கமிஷனர் கீழ வரும், கொஞ்சம் தள்ளிப் போனா மாவட்ட எஸ்பி லிமிட், ஆத்தோட கீழ போனா சீவலப்பேரி தாண்டி தூத்துக்குடி மாவட்டமே வந்துரும், பையன் குத்தாலம் பக்கம் போயிருந்தா அது 2019க்கு பொறவு தென்காசி மாவட்டம். ஆறுக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. அதனால "கீழ இருக்கற ஸ்டேஷன்களுக்கும் தகவல் போயிருச்சா சார்"னு ரெண்டு மூணு தடவை கேக்கறதுல தப்பே இல்ல.

கைல கொண்டு போக வேண்டியது: சமீபத்துல எடுத்த முகம் தெரியுற போட்டோ, முழு உருவமும் தெரியுற போட்டோ, ஆதார் நகல், போன் நம்பர் எல்லாம் (ரெண்டாவது சிம் இருந்தா அதுவும்), போன் டப்பால இருக்கற ஐஎம்இஐ நம்பர், பைக் நம்பர், நெருங்கின கூட்டாளிங்க பேர், அந்த நோட்டுல இருக்கற முதல் பக்கம். புகாரை ரெண்டு காப்பி எழுதிட்டு ஒண்ணுல சீல் வாங்குங்க. புகாரை வாங்கிக்கிட்டோம்னு குடுக்கற சிஎஸ்ஆர் ரசீதோட நிறுத்திராம எஃப்ஐஆர் எப்ப போடுவாங்கன்னு கேளுங்க, எஃப்ஐஆர் காப்பி புகார் குடுத்தவருக்கு இலவசமாவே குடுக்கணும். டவர் லொகேஷனும் கால் விவரமும் போலீஸ் கேட்டாதான் கம்பெனிக்காரங்க குடுப்பாங்க, நம்மால எடுக்க முடியாது, "நான் எடுத்துத் தாரேன் பணம் குடுங்க"ன்னு எவனாவது வந்தா அவன் ஏமாத்துக்காரன்.

பிள்ளைக்கு 18 முடியலன்னா அதை முதல் வரிலயே சொல்லுங்க, ஸ்கூல் முடிச்சு இப்பதான் காலேஜ் சேந்த பிள்ளைகள்ல நிறைய பேருக்கு 17தான் இருக்கும், அப்ப போலீஸ் அதைக் கடத்தல் மாதிரி எடுத்து விசாரிச்சாகணும். காதல், சண்டை, அரியர், கடன், ஆன்லைன் ரம்மி, எதுவா இருந்தாலும் விசாரிக்கிற அதிகாரிகிட்ட மட்டும் மறைக்காமச் சொல்லிருங்க. மானத்துக்குப் பயந்து மறைக்கிற ஒவ்வொரு விஷயமும் தேடுறவங்களைத் தப்பான பக்கம் அனுப்பும்.

தண்ணில இறங்கினதைக் கண்ணால பாத்தவங்க இருந்தா

இது வேற கதை, இங்க நிமிஷக் கணக்கு. குளிக்கப் போன இடத்துல கூட்டாளி முங்கிட்டான்னா முதல்ல 112, இல்ல ஃபயர் சர்வீஸ் 101, கூடவே ஆம்புலன்ஸுக்கு 108. போன் போடுறவரு ஒருத்தர், தண்ணில அவன் மறைஞ்ச இடத்தையே கண்ணு எடுக்காமப் பாக்கறவரு இன்னொருத்தர். அந்த இடத்தை மனசுல வைக்கறதுக்கு ஒரு வழி இருக்கு, நீங்க நிக்கற இடத்துல இருந்து நேர் எதிர் கரைல ஒரு மரமோ மண்டபத் தூணோ புடிச்சு வச்சுக்கோங்க, நீங்க நின்ன இடத்துல ஒரு கல்லை வச்சு அடையாளம் பண்ணுங்க, இன்னொருத்தர் வேற இடத்துல இருந்து அதே மாதிரி பண்ணணும். ரெண்டு கோடும் வெட்டுற இடம்தான் முங்குறவங்களுக்கு வேணும். "எங்கனயோ நடுவுலண்ணே"ன்னு சொன்னா மணிக்கணக்குல வீணாப் போகும்.

இறங்காதீங்க. எழுதுறதுக்கே கஷ்டமா இருக்கு ஆனா காப்பாத்த இறங்கினவனும் சேந்து போற கதை இந்த ஆத்துல திரும்பத் திரும்ப நடக்கு. வேட்டி, சேலை, துப்பட்டா எல்லாத்தையும் முடிச்சுப் போட்டு எறியுங்க, மூடி போட்ட காலி கேன், பைக் டியூப், நீளக் கம்பு, எது கைல கிடைக்குதோ அதை.

வெளிய எடுத்த பொறவு மூச்சு இல்லன்னா தலைகீழாத் தூக்கறது, வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். மட்டமான தரைல மல்லாக்கப் போட்டு, நாடியைத் தூக்கி, மூக்கைப் புடிச்சு வாயோட வாய் வச்சு முதல்ல மூச்சு குடுங்க, அப்புறம் நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு அஞ்சு சென்டிமீட்டர் ஆழம் இறங்குற மாதிரி நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை வேகத்துல 30 அமுக்கு, ரெண்டு மூச்சு, திரும்ப 30. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ஆளை மாத்தி மாத்திப் பண்ணிட்டே இருக்கணும். முழிச்சு எந்திரிச்சு பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயே ஆகணும், நுரையீரலுக்குள்ள போன தண்ணி சில மணி நேரம் கழிச்சும் வேலையைக் காட்டும்.

இதைப் படிக்கிற காலேஜ் பிள்ளைகளுக்கு தனியா ஒரு வார்த்தை. ஒரு தடவை தடுப்பணைல குளிக்கப் போன நாலு பேர்ல ஒருத்தன் முங்கிட்டான், மத்த மூணு பேரும் பயந்துபோய் ஹாஸ்டலுக்கு வந்து போர்வையை மூடிப் படுத்துட்டாங்க, மூணு மணி நேரம் கழிச்சுதான் ஒருத்தன் அழுதுட்டே வார்டன்கிட்ட சொன்னான். அவங்க கெட்ட பிள்ளைங்க இல்ல, பயந்த பிள்ளைங்க. காலேஜைக் கட் அடிச்சதுக்கு யாரும் உங்களைக் கொல்ல மாட்டாங்க மக்கா, உடனே சொல்லிருங்க.

தரையில தேடுற கூட்டம்

கண்ணால பாத்தவங்க யாரும் இல்ல, பைக்கும் செருப்பும் மட்டும்தான்னா, அதுகளைத் தொடாதீங்க, சாவியைக்கூட எடுக்காதீங்க. நிக்கற மாதிரியே நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு ஒருத்தரைக் காவலுக்கு நிறுத்துங்க. இருக்கற ஆளுங்களை அப்பவே ரெண்டாப் பிரிச்சு, சரி பாதிப் பேரைத் தரைக்கு அனுப்புங்க. எல்லாரும் ஆத்துக்குத்தான் போறேன்னு நிப்பாங்க, விடாதீங்க.

கேமரா அவசரம். கடைகள்ல இருக்கற சிசிடிவில பழசு மேல புதுசு பதிஞ்சுரும், சில இடத்துல ஒரு வாரம் கூட நிக்காது. பைக் நின்ன இடத்துக்குப் போற வழில இருக்கற பெட்ரோல் பங்க், ஏடிஎம், மெடிக்கல், கல்யாண மண்டபம், ஒவ்வொண்ணாப் போயி கும்பிட்டுக் கேளுங்க, குடுக்க மாட்டேன்னு சொன்னா சண்டை போடாம கடைப் பேரை நோட்டுல எழுதி போலீஸ்ல சொல்லுங்க. கேமராவுல ஓடுற மணி சரியான மணியான்னு உங்க போனோட ஒப்பிட்டுப் பாத்துக்கோங்க, இருபது நிமிஷம் முன்ன பின்ன இருக்கும். அப்புறம் ஜங்ஷன் ரயில்வே ஸ்டேஷன் (ரயில்வே போலீஸ்ல தனியாச் சொல்லணும், உதவி எண் 139), வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்ட், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட். திருச்செந்தூர், கன்னியாகுமரி, நாகர்கோவில் பஸ் நிக்கற இடத்துல கண்டக்டர்கள்கிட்ட போட்டோ காட்டுங்க. மனசு ஒடைஞ்சு கெளம்புற பிள்ளைகள் கோயிலுக்கும் கடலுக்கும் போறதை நான் பாத்திருக்கேன், கைல காசு இல்லன்னா அன்னதானம் போடுற இடத்துல சாப்புடும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி (பாளையங்கோட்டைல இருக்கற அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி) கேஷுவாலிட்டில பேர் தெரியாம யாராவது சேத்திருக்காங்களான்னு நேர்லயே போய்க் கேளுங்க, போன்ல கேட்டா சரியான பதில் வராது. பழைய ஸ்கூல் கூட்டாளி, பாட்டி ஊரு, முன்னாடி தங்கியிருந்த ரூம், இதையும் விடக்கூடாது.

ஆறு எப்படின்னு தெரிஞ்சுக்கணும்

வெளியூர்ல இருந்து வந்து பாக்கறவங்களுக்கு தாமிரபரணி அமைதியாத் தெரியும், கோடைல கணுக்கால் தண்ணிதான் ஓடுற மாதிரி இருக்கும். ஆனா பத்தடி தள்ளி மணல் அள்ளின குழி இருக்கும், அடுத்தாப்புல பாறை, பாறைக்குக் கீழ கசம். கசம்னா நல்லா ஆழமான குண்டு, மேல தண்ணி அசையாத மாதிரி இருக்கும், உள்ள சுத்தும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பொறவு பழைய ஆளுங்களே "இந்த இடத்துல முன்னாடி இடுப்பளவுதான் இருந்துச்சு, இப்ப தெரியல"ன்னு சொல்லுற இடமெல்லாம் இருக்கு.

தண்ணியோட அளவு நம்ம கைல இல்ல, மேல மலைல இருக்கு. பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, இதுகள்ல இருந்து விவசாயத்துக்கும் கரண்ட் எடுக்கறதுக்கும் திறக்கிற அளவைப் பொறுத்து ஆத்துல தண்ணி ஏறி இறங்கும். இங்க வெயில் காயும்போதே மலைல மழை பெஞ்சு தண்ணி கூடி வரும். அதனால தேடல் ஆரம்பிச்ச உடனே மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077ல பேசி, இந்த மாதிரி ஆளைத் தேடுதோம், தண்ணி திறப்பைக் கொஞ்சம் குறைக்க முடியுமா, கூட்டப் போறதா இருந்தா முன்னாடியே சொல்லுங்கன்னு கேளுங்க. போலீஸும் ஃபயர் ஆபீசரும் கேட்டா இன்னும் வேகமா நடக்கும். குறைக்கறது எப்பவும் நடக்காது, ஆனா கேக்காம இருக்கக்கூடாது.

பொதுவா உடம்பு முதல்ல அடில போயிரும், கோடைல ஒண்ணு ரெண்டு நாள்ல, தண்ணி குளுந்து ஓடுற காலத்துல இன்னும் சில நாள் கழிச்சு மேல வரும். ஓட்டம் இல்லாத காலத்துல போன இடத்துக்குப் பக்கத்துலயே கெடக்க வாய்ப்பு அதிகம், அதனால முதல் நாளே பத்து கிலோமீட்டர் கீழ ஓடாம, மறைஞ்ச இடத்துல இருக்கற கசத்தையும் பாறை இடுக்கையும் ஒழுங்காத் தேடுங்க. ஓட்டம் இருக்கற காலத்துல எதுவும் தங்குற இடம்னு சில உண்டு: வளைவோட வெளிக்கரை, சாஞ்சு கெடக்கற மரத்து வேர், அமலைச் செடி (ஆகாயத்தாமரை) அடைஞ்சு கெடக்கற இடம், குடிதண்ணிக்குப் போட்ட உறைகிணத்துச் சுவரு, 1843ல கட்டின சுலோச்சன முதலியார் பாலம் மாதிரி தூண் நிறைய இருக்கற பாலத்தோட அடி. அப்புறம் அணைக்கட்டுகள். நம்ம ஆத்துல மேல இருந்து கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம்னு எட்டு இருக்கு. டவுன்ல காணாமப் போனா கீழ வர்ற அணைக்கட்டு மருதூர், சேரன்மகாதேவி பக்கம்னா அதுக்குக் கீழ வர்றது ஒவ்வொண்ணும். அணைக்கட்டுக்கு மேல காணாமப் போயிருந்தா வாய்க்கால் பக்கமும் ஆள் போகணும், மதகு திறந்திருந்தா தண்ணி பாளையங்கால், கோடகன் மாதிரி வாய்க்கால்ல திரும்பிரும், நாம ஆத்தையே பாத்துட்டு நிப்போம்.

இதெல்லாம் தெரிஞ்ச ஆளுங்க கரையிலயே இருக்காங்க. மதகைப் பாத்துக்கற லஸ்கர், தூண்டில் போடுறவங்க, வலை விடுறவங்க, துணி வெளுக்கறவங்க, காலைல நாலரை மணிக்கு டெய்லி குளிக்க வர்ற தாத்தாமார்கள், வாத்து மேய்க்கறவங்க. அந்த அண்ணாச்சிங்க கிட்ட மரியாதையா உக்காந்து பேசுங்க, "நேத்து சாயங்காலம் தண்ணி எவ்வளவு ஓடுச்சு, இங்க விழுந்தது எங்கன போயி ஒதுங்கும்"னு கேளுங்க. அவங்க சொல்லுறதையும் நோட்டுல எழுதுங்க.

கரையில நடக்கறவங்க ரெண்டு ரெண்டு பேராப் போங்க, ரெண்டு கரையிலயும். பாலத்துல இருந்து அடுத்த படித்துறை வரைக்கும்னு பிரிச்சுக் குடுத்து, யாரு எத்தனை மணிக்குப் போனாங்க, முள்ளு அடைஞ்சு பாக்க முடியாத இடம் எதுன்னு திரும்பி வந்து சொல்லணும். "பாத்தாச்சு"ன்னு மட்டும் சொன்னா ஏத்துக்காதீங்க. ஷூ போடுங்க, கைல கம்பு வைங்க, கரைப் புதர்ல பாம்பு உண்டு. பேரைச் சொல்லிக் கூப்புட்டுட்டு ஒரு நிமிஷம் எல்லாரும் வாயை மூடி நின்னு கேளுங்க. வழுக்கி விழுந்து கால் ஒடைஞ்சு மண்டபத்துக்குப் பின்னாடியோ பனங்காட்டுக்குள்ளயோ முனகிட்டுக் கெடக்கற பிள்ளையோட சத்தம் நம்ம சத்தத்துல அமுங்கிறக்கூடாது. இருட்டின பொறவு யாரும் தண்ணில இறங்க வேண்டாம், முங்குறது பயிற்சி உள்ளவங்க வேலை.

வாட்ஸ்அப்ல போடும்போது

தேதி இல்லாம போடாதீங்க, கெடைச்ச பொறவும் ரெண்டு வருஷம் அந்தப் படம் சுத்திட்டே இருக்கும். நல்ல போட்டோ ஒண்ணு, பேர், வயசு, உயரம், கடைசியாப் போட்டிருந்த உடுப்பு, கடைசியாப் பாத்த இடம் நேரம், போலீஸ் ஸ்டேஷன் நம்பர், வீட்டுல ஒரு ஆம்பள நம்பர். அம்மா நம்பரும் தங்கச்சி நம்பரும் வேண்டவே வேண்டாம், கண்ட கண்ட நேரத்துல கண்டவன் கூப்புடுவான். ஏன் போனான், யார் கூடப் பழகினான், என்ன ஆளுங்க, எந்தத் தெரு, இது எதுவும் அதுல வரக்கூடாது. நம்ம மாவட்டத்துல ஒரு பேச்சு சாதிப் பக்கம் திரும்புச்சுன்னா தேடல் நின்னு போயி வேற எதுவோ ஆரம்பிச்சுரும். பொம்பளப் பிள்ளைன்னா இன்னும் நூறு மடங்கு கவனம். அவ திரும்பி வந்து இதே ஊர்ல, இதே காலேஜ்ல தலை நிமிந்து நடக்கணும்.

"உங்க பையன் எங்ககிட்ட இருக்கான், முதல்ல அஞ்சாயிரம் ஜிபே பண்ணுங்க"ன்னு கண்டிப்பா ஒரு போன் வரும். கைல பிள்ளை இருக்கறவன் ஒரு வீடியோ கால்ல முகத்தைக் காட்டுவான். காசு அனுப்பாதீங்க, அந்த நம்பரைப் போலீஸ்ல குடுங்க, ஏற்கனவே அனுப்பிட்டீங்கன்னா உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930.

வீட்டுல

அம்மா பக்கத்துல ஒரு ஆளு எப்பவும் உக்காந்திருக்கணும், மதினியோ அத்தையோ, ஆனா வாய் அடக்கமான ஆளு. ஆத்துல இருந்து வர்ற ஒவ்வொரு புரளியும் அவங்க காதுக்கு நேராப் போகக்கூடாது, நோட்டு வச்சிருக்கறவரு வழியாத்தான் போகணும். கஞ்சியாவது குடிக்க வைங்க. வீட்டு லேண்ட்லைனோ அப்பா போனோ எப்பவும் சார்ஜோட ஃப்ரீயா இருக்கணும், பிள்ளைக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் அதுதான்.

பிள்ளை உயிரோட கெடைச்சா முதல்ல எதையும் கேக்காதீங்க. "ஏல, எங்கல போன, ஊரையே அலைய விட்டுட்டியே"ன்னு அடிக்கக் கை ஓங்குறதை நான் பாத்திருக்கேன், பயத்துல வர்ற கோபம்தான் அது, ஆனா அந்த நேரத்துல அந்தப் பிள்ளைக்கு அது வேற மாதிரி கேக்கும். சாப்பாடு, குளியல், தூக்கம், தேவைன்னா டாக்டர். ரெண்டு மூணு நாள் தனியா விடாதீங்க. சாகணும்னு நெனச்சியான்னு நேராவே கேக்கலாம், கேட்டா அந்த நெனப்பு வந்துரும்னு பயப்படாதீங்க, கேட்டாதான் மனசு திறக்கும். மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, நம்ம அரசோட 104, ரெண்டுலயும் எந்நேரமும் தமிழ்ல பேசலாம், பிள்ளைக்கு மட்டும் இல்ல அப்பா அம்மாவுக்கும். 18 தாண்டின பிள்ளை, நான் நல்லா இருக்கேன் ஆனா இப்ப வர மாட்டேன்னு போலீஸ்ல சொன்னா, அதுக்கு அந்த உரிமை உண்டு. உங்க நம்பரைக் குடுத்துட்டு வாசலைத் திறந்தே வைங்க.

ஆறுதான் பதில்னு ஆகிட்டா, கரைல நிக்கறவங்க முதல் வேலையா போன் கேமராவை எல்லாம் இறக்கச் சொல்லுங்க, ஒரு வேட்டியால மூடுங்க. அடையாளம் காட்ட அம்மாவைக் கூப்புடாதீங்க, சித்தப்பா மாமா ரெண்டு பேர் போதும். போலீஸ் வழக்குப் பதிஞ்சு, ஹைகிரவுண்ட்ல போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சுதான் குடுப்பாங்க, அதை அவசரப்படுத்த முடியாது, அந்த நேரம் பூரா ஒருத்தர் அப்பா கூடவே நிக்கணும்.

நாள் கணக்குல எதுவுமே தெரியலன்னா நோட்டை மூடாதீங்க. தமிழ்நாடு போலீஸோட இணையதளத்துல காணாமப் போனவங்க விவரத்தை அடையாளம் தெரியாத உடல்களோட ஒப்பிட்டுப் பாக்கற வசதி இருக்கு, வாரம் ஒரு தடவை ஒருத்தர் பாக்கணும், அப்பா அம்மா கையால அதைச் செய்ய வைக்காதீங்க. யாரோ புடிச்சு வச்சிருக்காங்கன்னு காரணத்தோட சந்தேகம் இருந்தா மதுரை ஹைகோர்ட் கிளைல ஆட்கொணர்வு மனு போடலாம்.

பிள்ளை வந்துட்டா அன்னைக்கே இன்னொரு வேலை இருக்கு. போலீஸ்ல போயி எழுதிக் குடுக்கணும், குரூப்ல "கெடைச்சாச்சு, படத்தை அழிச்சிருங்க"ன்னு போடணும், பஸ் ஸ்டாண்ட்ல ஒட்டின நோட்டீஸைக் கிழிக்கணும். அப்புறம் அந்த நோட்டை எடுத்துட்டு, அதுல பேர் இருக்கற லஸ்கர், டீக்கடைக்காரர், கண்டக்டர், தூண்டில்காரர் எல்லாருக்கும் ஒவ்வொருத்தரா நேர்லயோ போன்லயோ சொல்லிருங்க. எங்க சித்தப்பா மகன் வந்த ஒரு வாரம் கழிச்சும் ஒரு தாத்தா விடியக்காலைல குறுக்குத்துறைல கம்பால அமலைச் செடியை விலக்கி விலக்கிப் பாத்துட்டு இருந்தாரு, அவருக்கு யாருமே சொல்லல.